காட்டுத் தீயும் கட்டடப் பாதுகாப்பும்

மலையடிவாரத்திலும் காட்டோரத்திலும் உள்ள சங்கங்களின் கிடங்குகளில் நூல், பஞ்சு, விதை, சாக்கு முதலியன நிறைந்துள்ளன. அங்கத்தினர் வீடுகளின் அருகில் வைக்கோற்போரும் விறகும் உள்ளன. இன்ஷூரன்ஸ் பத்திரம் நட்டத்தை ஈடு செய்யுமேயன்றி, நெருப்பைத் தடுக்காது. ஆகவே, காட்டோரக் கட்டடங்கள் எவ்வாறு எரிகின்றன, அவற்றை எவ்வாறு காக்கலாம், காக்க முனைவோர் தம் உயிரை எவ்வாறு பேணுவது என்னும் மூன்றையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. கட்டடம் எரியும் விதம்

2018 நவம்பர் 8ஆம் தேதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மின்கம்பியைத் தாங்கிய பழைய கொக்கி ஒன்று தேய்ந்து அறுந்ததால் தீ மூண்டது. பலத்த காற்றின் துணையுடன் அது பாரடைஸ் என்னும் மலையூரைச் சில மணி நேரத்தில் அழித்தது. 85 பேர் மாண்டனர்; 18,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. ஆயினும் வீடுகள் அடியோடு எரிந்துபோன இடங்களில், பக்கத்து மரங்கள் பல பசுமையாகவே நின்றன.

இதன் காரணம் யாது? பெருஞ்சுவாலை வந்து எரித்த வீடுகளைவிட, காற்றில் பறந்து வந்த கங்குகளால் எரிந்த வீடுகளே மிகுதி. கங்குகள் கூரை இடுக்கிலும் சுவரோரச் சருகிலும் விழுந்து, புகைந்து, பின்னர் பற்றின. ஒரு வீட்டின் வெப்பம் அடுத்த வீட்டையும் பற்றவைத்தது.

அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர் ஜாக் கோஹென், 1990களின் இறுதியில் கனடாவில் எரியும் காட்டின் எதிரே மரச்சுவர்களை நிறுத்திச் சோதித்தார். 10 மீட்டர் தொலைவில் இருந்த சுவர்களில் சில பற்றின. 20 மீட்டருக்கும் அதற்கு அப்பாலும் இருந்தவை பற்றவில்லை. எனவே கட்டடத்தின் கதியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கட்டடமும் அதன் சுற்றுப்புறமுமே.

2. முன்னரே செய்ய வேண்டியவை

கலிபோர்னியாச் சட்டம் கட்டடத்தைச் சுற்றி 100 அடி வரை காய்ந்த புதரை ஒழுங்குபடுத்த வேண்டும் என்கிறது. அதை மூன்று வளையங்களாகக் கொள்ளலாம்.

முதல் 5 அடியில் எரியக்கூடிய எதுவும் இருத்தலாகாது. விறகும் சாக்கும் வைக்கோலும் சுவரில் சாய்ந்திருக்க வேண்டா.

30 அடி வரை காய்ந்த புல்லை அறுத்து, சருகைக் கூட்டி, கூரைமேல் கவிந்த கிளைகளை வெட்டுதல் வேண்டும்.

100 அடி வரை புதர்களுக்கிடையே இடைவெளி விட வேண்டும். தொடர்ந்து நிற்கும் புதரே தீ ஏறிவரும் படியாகும்.

ஓலைக் கூரைக்கு ஒரு கங்கே போதும். ஓடும் தகரமும் மேலானவை. காற்றுத் துளைகளுக்கு 3 மில்லிமீட்டர் கண்ணுள்ள உலோக வலை இட வேண்டும்.

3. தீ நெருங்கும்போது

முதலில் வனத்துறைக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் செய்தி அனுப்புக. முதியோர், குழந்தைகள், கால்நடைகள் ஆகியோரையும் ஆகியவற்றையும் காலத்தே அப்புறப்படுத்துக. கதவு சன்னல்களைச் சாத்தி, வெளியே கிடக்கும் எரிபொருள்களை அகற்றி, ஏணியும் நீரும் ஈரச் சாக்கும் ஆயத்தமாக வைக்க வேண்டும்.

எல்லாக் கட்டடங்களையும் காத்தல் இயலாது. சுற்றுப்புறம் துப்புரவாகவும் வெளியேறும் வழி திறந்தும் உள்ள கட்டடத்தையே காக்க முனைதல் தகும். மற்றதை விட்டு நீங்குக. தீ கடந்து சென்ற பின், பாதுகாப்பாகத் திரும்ப இயலுமாயின், பல மணி நேரம் கூரையையும் மூலைகளையும் சோதிக்க வேண்டும். சிறு கங்கு ஒன்று பின்னர் கட்டடம் முழுவதையும் எரித்துவிடக்கூடும்.

4. காப்போரின் காப்பு

அமெரிக்கத் தீயணைப்பு வீரர் பால் கிளீசன் 1991இல் நான்கு விதிகளை வகுத்தார்: தீயைக் கண்காணிக்க ஒருவர், செய்தித் தொடர்பு, தப்பும் வழிகள், பாதுகாப்பான இடம். நான்கில் ஒன்று குறைந்தாலும் வேலையைத் தொடங்கலாகாது.

2013 ஜூன் 30 அன்று அரிசோனாவின் யார்னெல் மலையில் 19 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். எரிந்து தணிந்த கரிநிலத்திலிருந்து அவர்கள் எரியாத புதர் நிலத்தில் இறங்கியபோது, இடிமேகக் காற்றால் தீ திசை மாறி அவர்களைச் சூழ்ந்தது. அவர்களுடைய கண்காணி தீ நெருங்கியதால் முன்னரே தம் இடத்தை விட்டு நீங்கியிருந்தார். பயிற்சி பெற்றோர்க்கே இந்நிலை நேர்ந்தது.

சரிவில் தீ மேல்நோக்கி மிக விரைவாக ஏறும். 2018 மார்ச் 11 அன்று நம் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் தீயில் சிக்கி 20க்கு மேற்பட்ட மலையேறிகள் உயிரிழந்ததை மறத்தலாகாது. சரிவின் மேற்புறத்தில் நின்று தீயை எதிர்கொள்ள முயல வேண்டா. எந்தக் கிடங்கும் ஓர் அங்கத்தினரின் உயிருக்கு ஈடாகாது.

5. கூட்டுறவின் கடமை

ஒருவர் தம் முற்றத்தைத் துப்புரவு செய்து, பக்கத்து வீட்டார் செய்யாவிடில் பயன் குறையும். ஆகவே கோடைக்கு முன் ஒருநாள் எல்லோரும் கூடிச் சங்கக் கட்டடத்தையும் தெருவையும் துப்புரவு செய்தல் வேண்டும்.

ஆலோசனைக்குரிய வினாக்கள்

1. நம் கிடங்கின் சுவரிலிருந்து 5 அடிக்குள் எரியக்கூடியவை எவை?
2. ஊரைவிட்டு வெளியேற இரண்டு வழிகள் உள்ளனவா?
3. தீச் செய்தியை யார், யாருக்கு, எவ்வாறு தெரிவிப்பார்?

இவற்றின் விடைகளை நிர்வாகக் குழுக் கூட்டத்தில் எழுத்தில் பதிவு செய்யுமாறு காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.