அயலவரும் அயலவர் குழுவும்

மாணவர்களே,
ஆளி, வழிப்படுத்தி, ஐ.பீ. முகவரி என்பவற்றை வலையமைப்பு அலகில் கற்றுள்ளீர்கள். ஆனால் ஒரு நாட்டிலுள்ள இணையச் சேவை நிறுவனம் இன்னொரு நாட்டு வலையமைப்புக்குச் செல்லும் வழியை எவ்வாறு அறிகின்றது? இதற்கு உதவும் நெறிமுறையே பீ.ஜீ.பீ. ஆகும். இது பாடப்பரப்பைச் சற்றுத் தாண்டியது. எனினும் விளங்கிக்கொண்டால் வலையமைப்பு அலகு முழுவதும் இலகுவாகும்.

1. தன்னாட்சித் தொகுதி
ஒரே நிருவாகத்தின் கீழ் இயங்கும் வலையமைப்புகளின் கூட்டம் தன்னாட்சித் தொகுதி எனப்படும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு.

2. அயலவரை அமைத்தல்
பீ.ஜீ.பீ. அயலவரைத் தானாகத் தேடாது. நாமே குறிப்பிட வேண்டும். இதற்கு வழிப்படுத்தி அல்லது வழிச்செலுத்தவல்ல ஆளி தேவை. அதில்,
(அ) எமது தொகுதி இலக்கம் (உதாரணம்: 65001)
(ஆ) அயலவரின் ஐ.பீ. முகவரி (192.0.2.2)
(இ) அயலவரின் தொகுதி இலக்கம் (65002)
என்பவற்றை வழங்குவோம். மறுபக்கத்திலும் இவ்வாறே செய்தல் வேண்டும். பின்னர் டீ.சீ.பீ. துறை 179 ஊடாக இணைப்பு ஏற்படும். இரு இலக்கங்களும் வேறாயின் வெளி அயலவர். ஒன்றாயின் உள் அயலவர்.

கவனிக்க: நிலை "அக்டிவ்" எனக் காட்டினால் வேலை முடிந்தது எனப் பலர் எண்ணுவர். இது தவறு. இணைப்புக்கு இன்னும் முயல்கின்றது என்பதே அதன் பொருள். "எஸ்டாபிளிஷ்ட்" என வந்தால் மாத்திரமே அயலுறவு ஏற்பட்டுள்ளது.

3. அயலவர் குழு
20 உள் அயலவருக்கு ஒரே 5 கட்டளைகளை வழங்க 20 × 5 = 100 வரிகள் தேவை. குழு அமைத்தால், குழுவை உருவாக்க 1, பொதுக் கட்டளைகள் 5, அயலவரைச் சேர்க்க 20, மொத்தம் 26 வரிகளே. மாற்றத்தையும் ஓரிடத்தில் செய்யலாம். ஆனால் அங்கு விடும் பிழை 20 பேரையும் பாதிக்கும் என்பதை மறவாதீர்கள்.

4. அயலவரை நம்பலாமா?
2008 பெப்ரவரி 24 அன்று, பாக்கிஸ்தானுக்குள் யூடியூப்பைத் தடுப்பதற்காகப் பாக்கிஸ்தான் டெலிகொம் 208.65.153.0/24 என்னும் வழியை அறிவித்தது. அவ்வறிவிப்பு நாட்டுக்கு வெளியேயும் கசிந்தது. அதன் அயல் நிறுவனம் வடிகட்டாமல் அதனை உலகுக்குப் பரப்பியது. யூடியூப் அறிவித்திருந்த /22 தொகுதியில் 1024 முகவரிகள். /24 இல் 256 முகவரிகள். குறுகிய பரப்பைச் சுட்டும் வழியே தெரிவுசெய்யப்படும் என்பதால், பல நாடுகளில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் யூடியூப் கிடைக்கவில்லை. எனவே அயலவரிடமிருந்து ஏற்கும் முகவரிகளுக்கு வடிகட்டி இடுதல் அவசியமாகும்.

மாதிரி வினா
அயலவரின் நிலை "அக்டிவ்" என்றே நீடிக்கின்றது. சரிபார்க்க வேண்டிய மூன்று விடயங்களைத் தருக.

விடை
(i) அயலவரின் ஐ.பீ. முகவரி சரியானதா, அதனை அடைய முடிகின்றதா
(ii) இரு பக்கங்களிலும் தொகுதி இலக்கங்கள் சரியாக வழங்கப்பட்டுள்ளனவா
(iii) துறை 179 தடுக்கப்பட்டுள்ளதா

விடையை மனனம் செய்யாது, ஒவ்வொன்றுக்கும் காரணம் கூறிப் பாருங்கள்.