அடிபட்ட சைலன்சர்: பற்றவைப்பதா, மாற்றுவதா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலை வரிசையாகப் போகும் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பார்க்கும்போது என் கண் முதலில் போவது அவற்றின் அடிவயிற்றுக்குத்தான். தரையிலிருந்து 12, 13 சென்டிமீட்டர் உயரத்தில், முன்னிருந்து பின்வரை குழாய் ஓடுகிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டது. அந்த அளவில் போட்டிருந்தால் நிதானமாக ஏறி இறங்கிவிடலாம். நம் தெருக்களில் பாதி மேடுகள் அதைவிடக் குறுகல், செங்குத்து. முன்சக்கரம் தாண்டிய பிறகு நடுக்குழாய் மேட்டின் மீது உட்காருகிறது.

அடிபட்ட பிறகு ஒரு பட்டறை “முழு செட்டையும் மாத்திடுங்க சார்” என்னும். இன்னொன்று “ஒரு வெல்டிங் போட்டா போதும்” என்னும். காரை லிஃப்டில் தூக்கிப் பார்க்காமல் சொல்லும் எந்தப் பதிலையும் நம்பாதீர்கள். செலவைக் கேட்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு: அடி எங்கே விழுந்தது, குழாய் என்ன உலோகம்.

இடம்தான் முக்கியம். மேனிஃபோல்டிலிருந்து ஆக்சிஜன் சென்சார் வரையுள்ள பகுதியில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் அதைப் பார்த்து “பெட்ரோல் குறைவாக எரிகிறது” என்று கணக்குப் போடும். இன்ஜினின் கணினியான ஈ.சி.யு. கூடுதல் பெட்ரோல் ஊற்றும். மைலேஜ் விழும், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் தாங்க முடியாமல் சூடேறும். டர்போ காரில், டர்போவுக்கு முன்னால் கசிந்தால் இழுவையும் குறையும். இந்தப் பகுதியில் முழுச் சுமையில் 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும் புகை ஓடுகிறது. இங்கே விழுந்த விரிசலைப் பற்றவைத்து ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தத் துண்டை மாற்றுவதே சரி.

கன்வர்ட்டருக்குப் பின்னால் விழுந்த அடி அத்தனை பயப்பட வேண்டியதில்லை. குழாய் நசுங்கியிருப்பதைப் பார்த்ததும் “பவர் போச்சே” என்று பதறுகிறவர்கள் உண்டு. வட்டக் குழாய் சீராக அமுங்கி முக்கால் உயரத்துக்கு முட்டை வடிவானாலும், உள்பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் குறையும், ஏனென்றால் பக்கவாட்டில் அது விரிந்துகொள்கிறது. தினசரி ஓட்டத்தில் அதை உணரவே மாட்டீர்கள். கூர்மையாக உள்ளே மடிந்த சொட்டை வேறு விஷயம். மடிப்பின் ஓரத்தில் பின்னாளில் விரிசல் விடும். அந்த அரையடியை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைப்பது நல்லது. ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்: காருக்கு அடியில் நடுவில் கசியும் புகை கேபினுக்குள் வரலாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஏ.சி. போட்ட காரில் தலைவலி வந்தால் அன்றே வண்டியை நிறுத்துங்கள்.

உலோகத்தைக் கண்டுபிடிக்க ஒரு காந்தம் போதும். இறுகப் பிடித்தால் பெரும்பாலும் 409 ரகம், குரோமியம் 11 சதவீதம் அளவே உள்ள மலிவான ஸ்டெயின்லெஸ். பிடிக்காவிட்டால் 304 ஆக இருக்கலாம்; அதில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் அளவுக்கு இருக்கும். குழாய் கையில் காகிதம்போல் லேசாக இருந்தால் டைட்டானியம். அதன் எடை எஃகின் எடையில் பாதிக்குச் சற்று மேல்தான்.

304 குழாய்க்காக நான் தைரியமாகப் பட்டறைக்குப் போகச் சொல்வேன். ஆர்கான் வெல்டிங் நன்றாகத் தெரிந்தவர் கிடைத்தால் ஒட்டு இருந்த இடமே தெரியாது. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “குழாய்க்கு உள்ளேயும் ஆர்கான் விடுவீங்களா?” விடாவிட்டால் ஒட்டின் உட்புறம் கருகி, சர்க்கரைப் பாகு முறுகியதுபோல் பொருக்குத் தட்டும். அங்கிருந்தே மறுபடி உடையும். சாதா இரும்புக் கம்பியால் பற்றவைக்க விடாதீர்கள்; சில மாதங்களில் துரு அந்தக் கோட்டிலேயே ஓடும். ஜி.ஐ. பைப்பில் ஒட்டுப் போடுகிறேன் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அதன் துத்தநாகப் பூச்சு எரியும் புகை, பற்றவைப்பவருக்கே காய்ச்சலைக் கொண்டுவரும். குழாயைக் காரிலிருந்து கழற்றித்தான் வேலை நடக்க வேண்டும். முடியாதென்றால் பேட்டரி இணைப்பையாவது எடுத்துவிடச் சொல்லுங்கள், ஈ.சி.யு. பிழைக்கும்.

துருப்பிடித்த 409 குழாயில் பணத்தைப் போடாதீர்கள். ஓர் ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் உள்ள மெல்லிய தகடு வெப்பத்தில் உருகும். டைட்டானியத்தைப் பற்றவைக்க முடியும், ஆனால் ஆறும்வரை முன்னும் பின்னும் ஆர்கான் மூடியிருக்க வேண்டும். ஒட்டு வெள்ளியாகவோ வைக்கோல் நிறமாகவோ இருந்தால் நல்லது. சாம்பல் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அது உடையப்போகும் ஒட்டு. இந்த வேலைக்குப் பழகிய ஆள் இல்லாத ஊரில், அந்த ஒரு துண்டை மட்டும் தயாரிப்பாளரிடம் வரவழைப்பதே மேல். பல நிறுவனங்கள் நடுக்குழாய், பின்சைலன்சர் என்று தனித்தனியாக விற்கின்றன. சைலன்சரில் பொறித்த எண்ணைக் காட்டிக் கேளுங்கள். கப்பலும் சுங்கமும் சேர்ந்து காத்திருப்பு நீளும். அதற்குத்தான் கார் வந்தபோது இருந்த அசல் சைலன்சரைக் காயலாங்கடைக்குப் போடாமல் வைத்திருக்கச் சொல்கிறேன்.

சைலன்சர் பெட்டியை ரப்பர் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உள்ளே கடகடவென்றால் தடுப்புத் தகடு உடைந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். நேர்க்குழாய் வகையில் சத்தம் மட்டும் கரகரத்தால், சுற்றியுள்ள கண்ணாடிப் பஞ்சு எரிந்துபோயிருக்கலாம். திறந்து புதுப் பஞ்சு அடைத்தால் பழைய குரல் திரும்பும்.

முழு செட்டையும் புதிதாக வாங்கும் முடிவுக்கு வருபவர்கள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளரின் வடிவிலிருந்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 190(2) பிரிவின்படி, ஒலி, புகை வரம்பை மீறினால் முதல் தடவையே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், மூன்று மாதம் உரிமமும் போகும். முன்பைவிடச் சத்தமான செட்டை வாங்குவதற்கு அடிபட்டதைச் சாக்காக வைக்காதீர்கள். கன்வர்ட்டரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போடுவதும் வேண்டாம். பக்கத்துத் தெருவில் குழந்தை தூங்குகிறது, அந்தப் புகையை நாமும்தான் மூச்சில் இழுக்கிறோம்.

எதைத் தேர்ந்தாலும் உடைந்ததன் காரணத்தைத் தேடாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். மேட்டில் அடிபடாமல் விரிசல் விட்டிருந்தால், தொங்கல் ரப்பர் அறுந்திருக்கலாம், இன்ஜின் மவுண்டிங் தளர்ந்திருக்கலாம், பிளெக்ஸ் பைப் விறைத்திருக்கலாம். இன்ஜின் ஆட்டம் முழுதும் குழாயில் இறங்கும். அதைச் சரிசெய்யாமல் எத்தனை நல்ல ஒட்டுப் போட்டாலும், ஒட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி மறுபடி விரிசல் வரும். சில நூறு ரூபாய் ரப்பரில் முடிய வேண்டிய விஷயத்துக்கு முழு செட் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

மாட்டிய மறுநாள் காலை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, தடித்த துணியால் வால்குழாயை இரண்டு விநாடி அடைத்துப் பிடியுங்கள். கசிவு இருந்தால் எங்கிருந்து ‘உஸ்’ என்கிறது என்று காது சொல்லிவிடும். 200, 300 கிலோமீட்டர் ஓடியதும் ஆறவிட்டு, எல்லா கிளாம்ப்பையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.