ஏரிக்குப் போகும் வழியில்

விடுமுறைச் சுற்றுலா என்றதும் நம் மாணவர்கள் பலருக்கு நினைவில் வரும் இடங்களுள் ஒன்று டெங்கிலில் உள்ள பாயா இண்டா ஈரநிலப் பூங்கா. தாமரைக் குளம், நீர்ப்பறவைகள், முதலை, நீர்யானை, சைக்கிள் ஓட்ட நல்ல பாதை என அங்கு ஒரு நாளை இனிதே கழிக்கலாம். சைபர்ஜெயா பக்கமாகப் போய், அதே வழியில் திரும்பிவிடுவது நம் வழக்கம். அடுத்த முறை கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங், ஜெஞ்சாரோம், பந்திங் எனச் சுற்றிக்கொண்டு போய்ப் பாருங்கள். தூரம் கூடும், பயன் அதைவிடக் கூடும்.

பாயா இண்டாவின் ஏரிகளில் பல இயற்கையாக அமைந்தவை அல்ல. ஈயம் தோண்டியபின் கைவிடப்பட்ட பள்ளங்களில் நீர் தேங்கி உருவானவை. 1985இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்து, நாட்டின் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டதை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். அந்தப் பாடத்தை இங்கே கண்ணால் காணலாம்.

ஆனால் பள்ளிப் பாடத்தில் நான் படிக்காத வரலாறு ஒன்று கிள்ளான்–பந்திங் சாலையில் இருக்கிறது. தெலுக் பங்லிமா காராங் என்ற பெயருக்குச் 'சீற்றம் மிக்க படைத்தலைவனின் வளைகுடா' எனப் பொருள் கொள்ளலாம். இன்று அது தொழிற்சாலைகளின் ஊர். அங்கிருந்து பிரியும் சாலை கேரித் தீவுக்குச் செல்கிறது. எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற தோட்ட முதலாளியின் பெயர் தாங்கிய அத்தீவில் முன்பு ரப்பர், இப்போது செம்பனை. மாமேரி பூர்வகுடியினரின் மரச்சிற்பங்களும் அங்கே புகழ்பெற்றவை.

இந்தக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில்தான் 1941இல் தமிழ்த் தொழிலாளர்கள் மாபெரும் வேலைநிறுத்தம் செய்தனர். முன்னின்றவர்களுள் ஒருவர் 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச்.நாதன். (1924இல் தொடங்கிய அவ்விதழ் 2019இல் நின்றுபோனது.) சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களுக்குப் பாதுகாப்பு என்பன அவர்களின் கோரிக்கைகள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற நிலை நீங்கவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று! கூலிக்குச் சமமாக மானத்தையும் கேட்டார்கள் என்பதே என்னை வியக்கவைக்கிறது. மே மாதம் நாதன் கைதாகி, பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

இச்சாலையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். இதைச் சொல்லும் பலகை ஒன்றையும் கண்டதில்லை.

அன்று பத்து வயதுச் சிறுவராக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்திருப்பார். ஆகவே ஜெஞ்சாரோமிலோ பந்திங்கிலோ கோயிலில், தேநீர்க் கடையில் பெரியவர்களைக் கண்டால் வணக்கம் சொல்லிப் பேச்சுக் கொடுங்கள். "தாத்தா, எந்தத் தோட்டம் நீங்க?" என்று கேட்டாலே போதும், மற்றவை தாமாக வரும். தோட்டத்தின் பெயர், அதன் பிரிவு, அங்கிருந்த தமிழ்ப்பள்ளி, வெளியேறிய ஆண்டு ஆகியவற்றை மறவாமல் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறியபின் அப்பெயர்களைத் தேடுவது எளிதன்று.

பந்திங்கிலிருந்து 31ஆம் எண் கூட்டரசுச் சாலையில் கிழக்கே திரும்பினால் டெங்கில். வெயில் ஏறுமுன் ஏரிக்குப் போய்ச்சேர நினைப்பவர்கள் கிள்ளானை விடியற்காலையிலேயே விட்டுவிட வேண்டும்.