பழைய போர்டு பிக்கப் வண்டி: முன் அச்சும் பிரேக்கும்

பழைய மோட்டார் வண்டி வாங்குவோர் பெரும்பாலும் எஞ்சினின் சப்தத்தைக் கேட்டும் வர்ணத்தைப் பார்த்துமே விலை பேசுகின்றனர். ஆயினும், உயிருக்கும் சரக்கிற்கும் காவலாயிருப்பவை பிரேக்கும் முன் அச்சுமேயாம். 20 மைல் வேகம் 40 மைலாக இரட்டித்தால், வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும் என்பதை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்துவது நலம்.

அமெரிக்காவில் 1928 முதல் 1931 வரையில் விற்பனையான போர்டு 'ஏ' மாடல் பிக்கப் வண்டியை உதாரணமாகக் கொள்வோம். அதற்கு முந்திய 'டி' மாடலில் முன் சக்கரங்களுக்குப் பிரேக் கிடையாது. 'ஏ' மாடலில் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. மிதியை மிதித்தால் இரும்பு ராடுகளே விசையைக் கொண்டு செல்கின்றன. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக் போர்டு வண்டிகளுக்கு 1939-ல்தான் வந்தது.

முன் சக்கரம் திரும்புவதற்கு ஆதாரமான கிங் பின் உட்குடைவானது. பிரேக்கை இயக்கும் சிறு ஊசி அதனுள்ளேயே இறங்குகிறது. ஆகவே அச்சைச் செப்பனிடாமல் பிரேக்கை மட்டும் புதுப்பித்தல் பயனற்றது.

1. பரீட்சை. பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் அச்சை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கியின் மேல் நிறுத்துக. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்க. ஒருவர் பிரேக்கை மிதித்திருக்கும்போதும் ஆட்டம் நீங்காவிடில், குற்றம் பேரிங்கில் அன்று. கிங் பின்னிலும் புஷ்களிலும் உள்ளது.

2. அச்சு. புதிய வெண்கலப் புஷ்களை அழுத்திச் செலுத்தி, கிரீஸ் துவாரங்களை நேராக்குக. மேல், கீழ் இரண்டையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் கொண்டு கடைக. கிங் பின் கையால் திரும்ப வேண்டும், ஆடலாகாது. வளைந்த அச்சைத் தீயில் காய்ச்சி நிமிர்த்தினால் எஃகின் பக்குவம் கெடும். குளிர்ந்த நிலையில், தக்க அழுத்த யந்திரத்தில்தான் நிமிர்த்த வேண்டும். இறுதியில், சக்கரங்களின் முன்புறத்து இடைவெளி பின்புறத்தைவிட 1/16 அங்குலம் குறைவாயிருக்குமாறு அமைக்க.

3. பிரேக். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க. டிரம் வட்டம் கெட்டிருந்தால் கடைந்து சரி செய்க, மெலிந்திருந்தால் மாற்றுக. கிரீஸ் ஊறிய லைனிங்கைக் கழுவிப் பயன்படுத்தலாகாது. தேய்ந்த ஊசிகளையும் மாற்றுக.

4. சரிப்படுத்துதல். தேய்மானத்தை மறைக்க ராடுகளின் நீளத்தைக் குறுக்குவது பலர் செய்யும் பெரும் பிழை. மிதி அப்போது கெட்டியாகத் தோன்றும், பிடிப்போ குறையும். ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள சதுரத்தலை முடுக்கியாலேயே சரிப்படுத்துக. இடமும் வலமும் சமமாகவும், பின் சக்கரங்கள் சற்று முந்தியும் பிடிக்க வேண்டும். காட்டர் பின் யாவும் புதியனவாக இருக்கட்டும். சில காசு பெறும் அப்பின் இல்லாமையால் சக்கரமே கழலக்கூடும்.

முதலில் பாரமின்றி, காலியான சாலையில், மெதுவாக ஓட்டிப் பரீட்சிக்க. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் மறுபடியும் பிரித்துப் பார்க்கச் சோம்பலாகாது. சொந்தத்தில் வாங்குவோராயினும் சங்கத்தின் பொதுப்பணத்தில் வாங்குவோராயினும், இவ்விரண்டிற்கும் ஆகும் செலவை முதலில் கணக்கிட்டு, அதைக் கழித்தே விலை பேசுதல் விவேகமாகும்.