தாயின் மடியும் தவக்குலும்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் மலை ரயிலில் நாம் ஒருமுறை பயணம் செய்தோம். கல்லாறு தாண்டியதும் கடும் ஏற்றம் தொடங்குகிறது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பாதாளம். பாலத்தின்மீது வண்டி ஊர்ந்தபோது பெரியவர்கள் பலர் சன்னல் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டார்கள். எதிர் இருக்கையில், தாயின் மடியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தது.

வண்டி ஒன்றுதான், பள்ளமும் ஒன்றுதான். பிறகு ஏன் நமக்கு நடுக்கம், அதற்கு மட்டும் உறக்கம்? பாதையில் எத்தனை பாலம், எத்தனை வளைவு என்பது அக்குழந்தைக்குத் தெரியாது. தான் யார் மடியில் இருக்கிறோம் என்பது மட்டும் தெரியும். நாமோ பள்ளத்தை அறிந்தோம். நம்மைத் தாங்குபவனை மறந்தோம்.

ஈமானின் பெரும் செல்வமாகிய தவக்குல் என்பது இந்த அறிவுதான். அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டியவருக்கு அவனே போதுமானவன் என்று திருக்குர்ஆன் தலாக் அத்தியாயத்தில் அறிவிக்கிறது. போர்க் கைதிகளில் ஒரு பெண் தன் குழந்தையைத் தேடிக் கண்டெடுத்து, மார்போடு அணைத்துப் பாலூட்டியதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுக்குச் சுட்டிக் காட்டினார்கள். இவள் தன் குழந்தையை நெருப்பில் எறிவாளா என்று கேட்டார்கள். மாட்டாள் என்றனர் தோழர்கள். இத்தாயைவிட அல்லாஹ் தன் அடியார்களிடம் அதிக இரக்கமுடையவன் என்று பெருமானார் விளக்கினார்கள். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் அறிவித்த இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம் பெற்றுள்ளது.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதுதான் தவக்குலா? இல்லை. அந்த மலை ரயிலையே பாருங்கள். இரு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் உள்ள இரும்புப் பட்டை ஓடுகிறது. என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டே ஏறுகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் போட ஆள் உண்டு. 1899-ல் குன்னூர் வரையிலும் 1908-ல் உதகை வரையிலும் இப்பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது. அன்றுமுதல் பல்லும் பிரேக்கும் இல்லாமல் எவரும் அந்த ஏற்றத்தை நம்பி வண்டியை விட்டதில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறுதான் பெருமானார் (ஸல்) அவர்களும் கற்பித்தார்கள்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. மலையேறும்போது அந்த என்ஜின் பின்னாலிருந்தே தள்ளுகிறது. முன் பெட்டியில் இருப்பவர் கண்ணுக்கு என்ஜின் தெரிவதில்லை; ஆயினும் வண்டி ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

அன்னை ஹாஜரா (அலை) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். தண்ணீரும் மனிதரும் இல்லாத மக்கத்துப் பள்ளத்தாக்கில், பால் குடிக்கும் மகனோடு விடப்பட்டார்கள். இது அல்லாஹ்வின் கட்டளையா என்று ஒரே கேள்வி கேட்டார்கள். ஆம் என்ற பதில் கிடைத்ததும், அவன் நம்மைக் கைவிட மாட்டான் என்று திரும்பிவிட்டார்கள். ஆனால் தண்ணீர் தீர்ந்தபோது உட்கார்ந்திருக்கவில்லை. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் ஏழு முறை ஓடினார்கள். ஓடிய இடத்தில் தண்ணீர் கிடைக்கவில்லை. குழந்தை கிடந்த இடத்தில்தான் ஜம்ஜம் பொங்கியது. ஓட்டம் நம் கடமை. ஊற்று அவன் கொடை.

இங்கே நம் உள்ளத்தை உறுத்தும் ஒரு கேள்வி உண்டு. 2009 நவம்பரில் நீலகிரியில் பெருமழை கொட்டியது. கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மண் சரிந்து, வீடுகள் புதைந்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தாயோடு உறங்கிய குழந்தைகளும் மண்ணுக்குள் போயினரே, அவர்களிடம் நம்பிக்கை இல்லையா என்று சிலர் கேட்கிறார்கள்.

அப்படி எண்ணுவது பெரும் பிழை. இடிபாடுகளில் சிக்கி இறந்த முஃமினை ஷஹீதுகளின் வரிசையில் சேர்த்து நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். பெருமானாரே தம் பச்சிளம் மகன் இப்ராஹீமைத் தம் கரங்களில் பறிகொடுத்துக் கண்ணீர் வடித்தார்கள். ஆயினும் ரப்பு பொருந்தாத ஒரு சொல்லும் சொல்லவில்லை. துன்பமே வராது என்று நம்புவதல்ல தவக்குல். துன்பம் வந்தாலும் அவன் மடியை விட்டு இறங்காதிருப்பதே தவக்குல். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குத் தாய் மூக்கைப் பிடித்துக் கசப்புக் கஷாயம் புகட்டுகிறாள். பிள்ளை வீறிட்டு அழுகிறது. அழுதுவிட்டு எங்கே போகிறது? அதே தாயின் தோளில்தானே முகம் புதைக்கிறது!

மழைக்காலத்தில் மேட்டை விட்டு இறங்குங்கள், பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள் என்று அதிகாரிகள் எச்சரிக்கும்போது, அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று வீட்டில் அடைந்து கிடப்பதும் தவக்குல் ஆகாது. கொள்ளைநோய் பரவிய ஷாம் தேசத்துக்குள் நுழையாமல் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்று உமர் (ரலி) பதிலளித்தார்கள். வறண்ட சரிவை விட்டுப் பசுஞ்சரிவில் ஒட்டகம் மேய்ப்பவனும் அல்லாஹ்வின் விதிப்படியே மேய்க்கிறான் என்றும் விளக்கினார்கள். மலைச் சரிவில் வாழ்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

வீடுகளில் தாய்மார்கள் இதைப் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும். வாசல்படி தாண்டும்போது ஓதும் துஆவிலேயே தவக்குல் என்னும் சொல் இருக்கிறது. அதைப் பொருளோடு சொல்லிக் கொடுங்கள். கொழுந்து பறிக்கக் கூடையோடு கிளம்பும் தாயும், கடை திறக்கப் போகும் தந்தையும் அதை ஓதிவிட்டுக் கிளம்பட்டும். மழையால் கூலி இல்லாத நாளில், ரிஸ்க் எங்கே என்று பிள்ளைகள் எதிரில் புலம்பாதீர்கள். காலியான வயிற்றோடு காலையில் பறந்து, நிறைந்த வயிற்றோடு மாலையில் திரும்பும் பறவைகளை நபி (ஸல்) அவர்கள் நமக்கு உதாரணம் காட்டினார்கள். அப்பறவைகளும் கூட்டில் உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குன்னூர் நிலையத்தில் வண்டி நின்றபோது அக்குழந்தை கண் விழித்தது. கூட்டத்தைப் பார்க்கவில்லை, குளிரைப் பார்க்கவில்லை. முதலில் தாயின் முகத்தைத்தான் பார்த்தது. ஒவ்வொரு விழிப்பிலும் நம் கல்பு முதலில் ரப்பை நோக்கித் திரும்ப வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.