முதலில் டேப்பைப் பிடியுங்கள்

வீட்டை அழகாக வைத்துக்கொள்ளத் தெரிந்த பலர் என்னிடம் கேட்பதுண்டு: "இன்டீரியர் டெக்கரேஷனைத் தொழிலாகச் செய்யலாமா? எங்கிருந்து தொடங்குவது?" தாராளமாகச் செய்யலாம். சென்னையில் இந்தத் தொழில் செய்து நான் கற்றது ஒன்றுதான்: ரசனை முதல் வீட்டு வேலையை வாங்கித் தரும், அடுத்தடுத்த வேலைகளை வாங்கித் தருபவை அளவும் கணக்கும். வீட்டுக்கடன் போக மிஞ்சிய சேமிப்பை ஒரு குடும்பம் நம்மை நம்பித் தருகிறது. அந்த நம்பிக்கைக்கு ஈடாக நாம் தர வேண்டியதைச் சொல்கிறேன்.

படிப்பு

உள் அலங்காரத் தொழில் செய்ய நம் நாட்டில் கட்டாயப் பதிவு கிடையாது. ஆனால் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ள, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்திருக்க வேண்டும். உங்கள் விசிட்டிங் கார்டில் அந்தச் சொல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிப்ளமோ படியுங்கள், ஆட்டோகேடும் ஸ்கெட்ச்அப்பும் பழகுங்கள். கூடவே வேலை நடக்கும் சைட்டுக்கும் போய் நில்லுங்கள். நான் பி.காம். முடித்தபின் மாலை வகுப்பில் வரையக் கற்றேன். பலகையை எந்தத் திசையில் அறுப்பது, கீல் எவ்வளவு எடை தாங்கும் என்பதெல்லாம் ஓர் ஆசாரியின் பட்டறையில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டவை.

அளவு

நம் வீடுகளில் சுவர் நூல் பிடித்தாற்போல் இருப்பது அபூர்வம். பூச்சு ஓரிடத்தில் தடித்திருக்கும், ஓரிடத்தில் மெலிந்திருக்கும். இரண்டு சுவர்களுக்கு இடையே அலமாரி பொருத்துவதென்றால் அகலத்தைக் கீழே, நடுவே, மேலே என மூன்று இடங்களில் எடுங்கள். மூன்றில் குறைந்ததுதான் உங்கள் அளவு. மூலைக்கு மூலமட்டம் வையுங்கள், தரைக்கு ரசமட்டம் வையுங்கள். சுவிட்ச் போர்டு, தண்ணீர்க் குழாய், ஜன்னல் கதவு திறக்கும் பக்கம் எல்லாவற்றையும் அங்கேயே படத்தில் குறித்துவிடுங்கள்.

சில அளவுகள் மனப்பாடமாக இருக்கட்டும். ஹேங்கரில் சட்டை தொங்கும் வார்ட்ரோபுக்கு ஆழம் 2 அடி. சாப்பாட்டு மேசை 30 அங்குல உயரம், நாற்காலி உட்காரும் இடம் 18 அங்குலம்.

வீட்டாரின் பேச்சு

சமையல் மேடையின் உயரம் மட்டும் புத்தக அளவுக்கு அடங்காது. 34 அங்குலம் என்பார்கள், 36 என்பார்கள். நான் சமைப்பவரை நிற்கவைத்து, முழங்கையிலிருந்து தரைவரை அளந்து, அதில் 4 முதல் 6 அங்குலம் கழித்துக்கொள்கிறேன்.

ஒருமுறை மாடுலர் கிச்சன் படத்தை வீட்டாரிடம் விரித்துக் காட்டினேன். மகனும் மருமகளும் நிறத்தைப் பற்றிப் பேசினார்கள். பெரியம்மா மட்டும் கேட்டார்: "ஏம்மா, அரிசி டிரம்மை எங்க வைக்கிறது? கிரைண்டரைத் தூக்கி இறக்க என்னால ஆகாதே." அன்று படத்தை மாற்றினோம். மேடையின் ஓரத்தில் கிரைண்டருக்கு நிரந்தர இடமும் அதற்குப் பக்கத்திலேயே பிளக் பாயின்ட்டும் வந்தன. டிரம்முக்கு, மேடையின் கீழே கதவில்லாத அறை ஒதுக்கினோம். அந்தப் பெரியம்மா கேட்டதை எந்த வகுப்பிலும் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. வீட்டில் அதிகம் பேசாதவரிடம் தனியாகக் கேளுங்கள். பாதி டிசைன் அவரிடம் இருக்கும்.

பொருள்

பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலைப் பக்கம் பலகைக் கடைகளில் ஒரு நாள் ஏறி இறங்குங்கள். எல்லாக் கடையிலும் 'வாட்டர் ப்ரூஃப்' என்பார்கள். நீங்கள் பலகையில் குத்தியிருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் எண்ணையும் பாருங்கள். ஐ.எஸ். 303 பொது உபயோகத்துக்கு, ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட். சிங்க்குக்கு அடியில் 710தான் போட வேண்டும். பலகையின் ஓரம் திறந்திருந்தால் எந்தப் பலகையும் ஈரத்தைக் குடிக்கும். எட்ஜ் பேண்ட் ஒட்டியதைத் தடவிப் பார்த்துச் சரிபாருங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோர வீடுகளில் உப்புக் காற்று கீல்களை அரிக்கும். அங்கே 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள்.

மைக்கா நிறத்தைக் கடையில் வைத்து முடிவு செய்யாதீர்கள். பெரிய சாம்பிளாகக் கேட்டு வாங்கி, பொருத்தப் போகும் சுவரில் செங்குத்தாகச் சாய்த்து வையுங்கள். பகலில் ஒருமுறை, இரவில் விளக்கைப் போட்டு ஒருமுறை பாருங்கள். 3000 கெல்வின் மஞ்சள் ஒளியில் இதமாகத் தெரிகிற அதே பழுப்பு, 6500 கெல்வின் வெள்ளை ஒளியில் வெளிறிப்போகும்.

கணக்கு

7 அடி உயரம், 6 அடி அகலம் உள்ள வார்ட்ரோபுக்கு முன்பக்கம் 42 சதுர அடி. ஆனால் இரண்டு பக்கம், நடுத்தடுப்பு, தட்டுகள், கதவுகள் எல்லாம் கூட்டினால் பலகை 150 சதுர அடியைத் தாண்டும். 8க்கு 4 ஷீட் ஒன்று 32 சதுர அடி. கழிவோடு சேர்த்து 5, 6 ஷீட் ஆகும். பின்பலகை தனி. இந்தக் கணக்குத் தெரியாமல் சதுர அடி ரேட் சொல்வது ஆபத்து.

கொட்டேஷனில் பலகையின் தரம், மைக்காவின் கனம், கீல், சேனல், கைப்பிடி, பரண் எல்லாம் வரிவரியாக இருக்கட்டும். எது சேராது என்பதையும் எழுதுங்கள். பணத்தை வேலையின் கட்டங்களோடு சேர்த்துப் பிரித்து வாங்குங்கள். கூலிக்காரர்களுக்கு வாரக்கூலி தவறவே கூடாது.

சில கடைக்காரர்கள் உங்களுக்குக் கமிஷன் தர முன்வருவார்கள். அதை வீட்டாரின் பில்லில் தள்ளுபடியாகப் போடச் சொல்லுங்கள்; உங்கள் கூலியை வெளிப்படையாகக் கேட்டு வாங்குங்கள். நமக்கு விளம்பரம் அந்த வீட்டார் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் சமையலறையையே அளந்து வரையுங்கள். எத்தனை ஷீட் பிடிக்கும் என்று கணக்குப் போட்டு, கடைக்குப் போய் விலை கேளுங்கள், ஓர் ஆசாரியிடம் காட்டித் திருத்தம் கேளுங்கள். அந்த வேலை முழுவதும் உங்களுக்கு அலுப்புத் தட்டவில்லை என்றால், தயங்காமல் இந்தத் தொழிலுக்கு வாருங்கள்.