ஜிம் ஊசியும் நெகட்டிவ் ஃபீட்பேக்கும்

ரூம் குளிர்ந்ததும் ஏசி கம்ப்ரசர் தானா நிற்குதே, அதே நெகட்டிவ் ஃபீட்பேக் நம்ம உடம்புலயும் ஓடுது. மூளையின் ஹைபோதலாமஸ் ஜி.என்.ஆர்.எச். ஹார்மோனை விட்டு விட்டுச் சுரக்கும். அது தூண்டியதும் பிட்யூட்டரி, எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் ரத்தத்தில் அனுப்பும். ஆண்களுக்கு எல்.எச். விந்தகத்தில் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கும், எஃப்.எஸ்.எச். விந்தணு உற்பத்திக்கு உதவும். டெஸ்டோஸ்டிரோன் கூடினா மூளை இந்த சிக்னலைக் குறைச்சிடும்.

சரி, ஜிம்ல யாரோ சொன்னாங்கன்னு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டா? அது வெளியிலிருந்து வந்ததுன்னு மூளைக்குத் தெரியாது, எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் அடக்கிடும். ரத்தத்தில் ஹார்மோன் நிறைய இருந்தாலும் விந்தகத்துக்குள்ளே சுரப்பு சரியும். விந்தகம் சுருங்கும், விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் வரை இறங்கலாம். ஊசியை நிறுத்தினாலும் பழைய நிலைக்குத் திரும்ப பல மாதங்கள் ஆகலாம். ஏற்கெனவே போட்டுக்கிட்டவங்க, கூச்சப்படாம டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.